முப்பத்தொரு கிராம்

சண்முகசுந்தரத்துக்கு எந்தப் பொருளின் விலையும் அதை உருக்கிய பிறகு மிஞ்சுவதுதான். இதை அவர் யாரிடமும் கொள்கை மாதிரிச் சொன்னதில்லை. முப்பத்தாறு வருஷம் ஒரே வேலை பார்த்தவருக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

உஸ்மான் ரோட்டில் ஆறு மாடி நகைக்கடை ஒன்றின் இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். வெளியே ‘பழைய தங்கம்’ என்று பலகை. மக்கள் கொண்டுவரும் நகையை அவர் முதலில் கல்லில் உரசுவார். பிறகு மெஷினில் வைப்பார். மெஷின் சொல்லும் எண்ணும் அவர் மனதில் இருந்த எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். கல்லைப் பிடுங்குவார், அரக்கைச் சுரண்டுவார், நூலை அறுப்பார். தங்கம் அல்லாத எல்லாவற்றையும் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாய் அழுத்தி மூடி, வந்தவர் கையில் திருப்பிக் கொடுப்பார். அது கடையின் விதி. பிறகு அவர்கள் கண் முன்னாலேயே உருக்குவார்.

உருக்கும்போது சிலர் அழுவார்கள். அவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. எடையில் அவர்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. அம்மாக்கள் மகள்களை அனுப்பும்போது, “அண்ணாச்சி இருக்காரான்னு கேட்டுட்டு மேல போ” என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒன்றுதான் அவருடைய சொத்து என்று அவர் நினைத்தார்.

ஆதம்பாக்கத்தில் வீடு. மனைவி தங்கபுஷ்பம். ஒரே மகள் பூஜா, அவளுக்கு ஆவணியில் கல்யாணம்.

“இவுகளைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது” என்பாள் தங்கபுஷ்பம். “பொண்ணு முகத்தைப் பாக்க மாட்டாக. கழுத்தைப் பாத்து எடையைச் சொல்லுவாக. அதுவும் சத்தமா.”

ஆடி மாதம் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அறுபது வயதுப் பெண் ஒருத்தி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பெயர் நஸ்ருன்னிசா. திருவல்லிக்கேணி. ஆதார் நகலில் இருந்த முகத்தைவிட இளைத்திருந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு துவாலைச் சுருளை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கைக்கடிகாரம். தோல் பட்டை, தங்கக் கூடு.

“தங்கமான்னு பாருங்கண்ணே. தங்கம்னுதான் எங்க வூட்டுக்காரரு சொன்னாரு.”

“யாரு வாங்குனது?”

“வாங்கல. குடுத்தது. அவரு இருபத்திரண்டு வருஷம் அரபு நாட்ல ஒரு ஷேக்கு வூட்ல வண்டி ஓட்டுனாரு. திரும்பி வரும்போது கூப்ட்டுக் குடுத்தாராம். ஒரு நாள் கூடக் கட்டல. எங்கள்ல ஆம்பளைங்க தங்கம் போடக் கூடாது இல்ல? பீரோல துணிக்கடியிலயே கெடந்துச்சு. அவரு மவுத்தாகி ஒரு வருஷம் ஆகப் போவுது.”

அவர் கையில் எடுத்ததும் அது ஓட ஆரம்பித்தது. அசைவில் ஓடுகிற வகை. வெள்ளை முகப்பில் ஒரு பருந்து, கீழே அரபியில் ஒரு வரி, அதற்கும் கீழே ‘லெமோர், ஜெனீவா’ என்று ஆங்கிலத்தில். அவர் கூட்டின் ஓரத்தைக் கல்லில் உரசினார். பதினெட்டு காரட். மெஷினும் அதையே சொன்னது.

“தங்கந்தான்மா.”

அவள் மூச்சு விட்டாள். “பொண்ணுக்கு நிக்காஹ் வெச்சிருக்கேன். ரெண்டு வளையல் வந்துட்டா போதும்.” பிறகு, எழுந்துகொள்ளப் போகிறவள் மாதிரி முன்னால் சாய்ந்து கேட்டாள். “இது ஓடுதுண்ணே. வாட்சாவே எடுத்துக்க மாட்டீங்களா? கூட எதுனா வருமா?”

“வாட்சுக்கு இங்க விலை கிடையாதும்மா. தங்கத்துக்குத்தான் விலை.”

“வெளிய எங்கயாச்சும் கேட்டுப் பாக்கட்டா?”

“பழைய வாட்சை எவன் வாங்குவான்? வெயில்ல அலையாதீங்க.”

அதை அவர் அக்கறையாகத்தான் சொன்னார். வயதான பெண், தனியாக வந்திருக்கிறாள், வெளியே கடைக்குக் கடை நின்று கேட்டால் யாராவது ஏமாற்றுவார்கள் என்று நினைத்தார். அவள் தலையாட்டினாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர் பின்மூடியைக் கத்தி நுனியால் நெம்பி, உள்ளே இருந்த இயந்திரத்தை முகப்போடும் முள்ளோடும் வெளியே எடுத்தார். கண்ணாடியைத் தட்டி எடுத்தார். பட்டையை உருவினார். கூடு முப்பத்தொரு கிராம் இருந்தது. உருக்கும் மூசையில் போட்டபோது ஓரத்தில் செதுக்கியிருந்த எழுத்து முதலில் கலைந்தது, பிறகு ஓரமே கலைந்தது.

மீதியைக் கவரில் போட்டு அவளிடம் கொடுத்தார். கவருக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம். கீழே போய் இரண்டு வளையல் எடுத்துக்கொண்டு, போகும்போது மறுபடி மேலே ஏறி வந்து, “நல்லா இருப்பீங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பூஜாவைக் கட்டிக்கொள்ளப்போகிற முருகன் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். நல்ல பையன். மாப்பிள்ளைக்கு ஐந்து சவரன் செயின் போடுவது என்று பேச்சு. ஆடி பாதி போன பிறகு அவன் போனில் கூப்பிட்டான்.

“மாமா, செயின் எனக்கு வேண்டாம். கழுத்துல போட்டா ரியல் எஸ்டேட் புரோக்கர் மாதிரி இருக்கும். அதுக்குப் பதிலா ஒரு வாட்ச் வாங்கிக் குடுத்துடுங்க.”

“வாட்ச்தானே, ஜம்முனு வாங்கிருவோம் மாப்ளே. செயினும் போடுவோம்.”

“இல்ல மாமா. இது ஸ்விஸ். செயின் விலை வரும்.”

சண்முகசுந்தரம் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அவரைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போனான். மூன்றாவது மாடி. பலகை கிடையாது. மணி அடித்தால் உள்ளே இருந்து பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள். குளிர்ந்த அறை, ஒரு மேசை, மேலே கறுப்பு வெல்வெட் துணி. எதிரே நாற்பத்தைந்து வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, கைகளில் மெல்லிய துணிக் கையுறை. பெயர் துரைராஜ். கைமாறி வரும் விலை உயர்ந்த கடிகாரங்களை வாங்கி விற்பவர்.

“இவர் என் மாமனார். நகைக்கடையில பெரிய ஆளு” என்றான் முருகன்.

துரைராஜ் ஒரு கடிகாரத்தைத் துணிமேல் வைத்தார். லெமோர். எஃகு. இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். சண்முகசுந்தரம் எடுத்துக் கையில் எடை பார்த்தார்.

“இது வெறும் இரும்புல்லா?”

“ஸ்டீல் சார்.”

“செய்கூலி, சேதாரம் எவ்வளவு?”

“மொத்தமும் செய்கூலிதான் சார்.”

முருகன் சிரித்தான். சண்முகசுந்தரம் விடவில்லை. “நெருப்புல போட்டா என்ன நிக்கும்?”

“நெருப்புல போடுறவங்களுக்கு நான் விக்கிறதில்ல.”

“கொடுத்த காசுக்கு என்ன இருக்குன்னு கேக்கேன். செயின் எடுத்தா, நாளைக்கு ஒரு கஷ்டம்னா அன்னைக்கு உள்ள விலை கையில வரும். இதைக் கொண்டுபோயி எவன்கிட்ட நீட்ட?”

“என்கிட்ட” என்றார் துரைராஜ். “நீங்க சொல்றதுல பாதி சரி சார். ஷோரூம்ல புதுசா வாங்கினா, பெட்டியோட படியிறங்குறதுக்குள்ள முப்பது சதவீதம் போயிடும். பத்து வாட்ச்ல ஒன்பது அப்படித்தான். காசுக்கு மதிப்பான்னு கேட்டா, இல்ல. ஆனா பத்தாவது ஒண்ணு இருக்கே, அது வேற. அதை உங்க தராசுல வைக்க முடியாது.”

“டைம் பாக்கத்தான் போன் இருக்கே மாப்ளே.”

“டைம் பாக்க இல்ல மாமா” என்றான் முருகன். “மீட்டிங்ல கையைத் தூக்கி மேசை மேல வெச்சா போதும்.”

“அப்ப கையை மேசை மேல வைக்க மூணு லட்சம்.”

துரைராஜ் ரசித்துச் சிரித்தார். “பத்தாவது எப்படி இருக்கும்னு காட்டுறேன், பாருங்க” என்று ஒரு டேப்லெட்டைத் திருப்பி வைத்தார். “இதே கம்பெனி. எழுபதுகள்ல வளைகுடா அரண்மனைகளுக்காகத் தனியா செஞ்சு கொடுத்தது. கடைக்கு வந்ததே இல்ல. போன நவம்பர்ல ஜெனீவாவுல ஒண்ணு ஏலத்துக்கு வந்துச்சு. நம்ம காசுல நாற்பத்தொரு லட்சம்.”

வெள்ளை முகப்பு. பருந்து. கீழே அரபியில் ஒரு வரி.

சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். துரைராஜ் படத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கயாவது பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?”

அதுவரை சார் என்று கூப்பிட்டவர்.

“இல்ல” என்றார் சண்முகசுந்தரம். “கூடு தங்கமான்னு பாத்தேன்.”

“தங்கந்தான். பதினெட்டு காரட்” என்றார் துரைராஜ். “முப்பது, முப்பத்தொரு கிராம் இருக்கும்.”

கடிகாரத்தைப் பற்றி அப்புறம் முடிவு செய்வோம் என்று எழுந்தார்கள். கதவு வரை வந்த துரைராஜ் சண்முகசுந்தரத்தின் போன் நம்பரை முருகனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது முருகன் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். அவர் காதில் விழவில்லை. கீழே பஜாரில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர் போனுக்கு ஒரு படம் வந்தது. தங்கக் கூடு. உள்ளே முகப்பு இல்லை, முள் இல்லை. வெறும் வட்டம். எழுத்து எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி அதே படம். புதன்கிழமையும் வந்தது. அந்த நேரம் நெருங்கினால் அவர் கை எடை பார்ப்பதை நிறுத்திவிடும். புதன்கிழமை ஒரு பெண்ணின் தோட்டில் இருந்த கல்லைப் பிடுங்காமலே எடை போட்டுவிட்டார். அந்தப் பெண்தான் கவனித்துச் சொன்னாள். முப்பத்தாறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

வியாழக்கிழமை படம் வரவில்லை. துரைராஜே வந்தார். டோக்கன் எடுத்துக்கொண்டு, முறை வரும்வரை வெளியே பெண்களுக்கு நடுவில் காத்திருந்து, உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு மெல்லிய மோதிரத்தை மேசைமேல் வைத்தார்.

“இதைப் பாருங்க அண்ணாச்சி. அப்பத்தான் பேச நேரம் கெடைக்கும்.”

சண்முகசுந்தரம் மோதிரத்தை உரசினார். விரல் கல்லில் பட்டது.

“உருக்கிட்டீங்க. இல்லையா?”

சண்முகசுந்தரம் மோதிரத்தை மேசைமேல் திருப்பி வைத்தார்.

“தப்பா நினைக்கல. உங்க வேலை அது. ஆனா கூடு மட்டுந்தான் போயிருக்கும். உள்ள உள்ளதை நீங்க திருப்பிக் கொடுத்துடுவீங்க, அது இந்தக் கடை விதி. விசாரிச்சேன். யாருக்குக் கொடுத்தீங்கங்கிறதும் ரிஜிஸ்டர்ல இருக்கும். அதே மாடல் கூடு என்கிட்ட ஒண்ணு கெடக்கு. டயல் இல்லாம ரெண்டு வருஷமா.” குரல் உயரவே இல்லை. “அட்ரஸ் மட்டும் கொடுங்க. நான் போய் இருபத்தஞ்சாயிரம் கொடுத்து வாங்கிக்கிறேன். அவங்களுக்கு அது குப்பை. குப்பைக்கு இருபத்தஞ்சாயிரம். மாப்பிள்ளைக்குக் காட்டினேனே, அந்த லெமோர் உங்களுக்குச் சும்மா. என் கல்யாணப் பரிசு.”

“உள்ள உள்ளதுக்கு நெசமா என்ன பெறும்?”

“எட்டு லட்சம். தெரிஞ்சவன் கையில இருந்தா.”

“அதை அவங்ககிட்டச் சொல்ல வேண்டாமா?”

துரைராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சொல்லுங்க. எட்டு லட்சம்னு சொன்னா, முழுசா எவ்வளவுன்னு கேப்பாங்க. நாற்பத்தொண்ணுன்னு சொல்வீங்க. இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் நஷ்டம் இல்ல அண்ணாச்சி. கொண்டுவந்தவங்க சந்தோஷமா இருக்காங்க. நீங்க வாயைத் திறக்குற நிமிஷத்துல நாற்பது லட்சம் நஷ்டம் பொறக்கும். பொறந்தா அதை யாராவது தூக்கணும்ல?”

மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டார். “சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் உங்க முதலாளிகிட்டயே கேக்கறேன். அவருக்கு வாட்ச் பிடிக்கும், எனக்குத் தெரியும்.”

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் தங்கபுஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். தடவுவதை நிறுத்தவில்லை.

“களவா எடுத்தீக?”

“இல்ல.”

“எடையைக் குறைச்சீகளா?”

“இல்ல.”

“பெறகென்ன? அவ கொண்டுவந்தா, கையெழுத்துப் போட்டா, நீங்க உருக்குனீக.”

“அவ கேட்டாளே. வெளிய கேட்டுப் பாக்கட்டான்னு கேட்டா. நாந்தான் அலையாதீங்கன்னேன்.”

தங்கபுஷ்பத்தின் விரல் நின்றது.

“பிள்ளை கல்யாணம் முடியட்டும்” என்றாள். “அதுவரைக்கும் வாயைத் திறக்காதீக. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“சனிக்கிழமை போச்சுன்னா அவன் முதலாளிகிட்டக் கேட்டுக் கண்டுபிடிச்சிருவான். இருபத்தஞ்சாயிரத்தைக் கையில திணிச்சு வாங்கிட்டுப் போயிருவான். மிச்சம் இருக்கிறதாவது அவளுக்குப் போகணும்.”

“கடையில என்ன சொல்லுவாக? நாளைக்கு ஊருக்குள்ள என்ன சொல்லுவாக? அண்ணாச்சி நாற்பது லட்சத்தை அடுப்புல போட்டாருன்னுதான. இம்புட்டு வருஷம் சேத்த பேரு, ஒரு வாரம் நிக்குமா?”

அவள் சொன்னதைத்தான் அவரும் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரிஜிஸ்டரிலிருந்து விலாசத்தைக் குறித்துக்கொண்டு பஸ் ஏறினார். பெரிய மசூதிக்குப் பின்னால் மூன்றாவது சந்து. தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எல்லோரும் எதிரே வந்தார்கள், அவர் ஒருவர் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தார். வீடு இரண்டாவது மாடி. ஒடுங்கின படி. கைப்பிடிச் சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது, சட்டையில் ஒட்டியது.

கதவைத் திறந்த நஸ்ருன்னிசா அவரை உடனே அடையாளம் கண்டாள். முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை.

“இன்னாண்ணே? தங்கத்துல எதுனா கொறையா?” குரலைத் தாழ்த்தினாள். “திருப்பிக் கேக்க வந்தீங்களா? வளையல் பொண்ணு கையில ஏறிடுச்சுண்ணே. நாளன்னிக்கு நிக்காஹ்.”

“இல்லம்மா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு விஷயம்.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சின்ன ஹால். சுவரோரம் வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். தரையில் அரிசி மூட்டைகள். உள் அறையில் பெண்கள் பேசும் சத்தம், யாரோ கல்யாணப் பெண் புஷ்ராவை மருதாணிக் கையை அசைக்காதே என்று அதட்டினார்கள். ஜன்னலோரம் இருபத்தெட்டு வயதில் ஒருவன் தரையில் உட்கார்ந்து போன் ஒன்றைப் பிரித்து வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் மவன் ஆதில். ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை வெச்சிக்கீறான்” என்றாள். “டேய், வளையல் எடுத்தேன்ல, அந்தக் கடை அண்ணன். போய் சில்லுனு எதுனா வாங்கிக்கினு வா.”

ஆதில் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். “நீங்கதானா உருக்குனது?” என்றான். சிரித்தமாதிரிதான் கேட்டான். “அத்தா வாட்சை எங்கிட்டக் குடுன்னு எவ்ளோ கேட்டேன். நான் இல்லாத நேரமா பார்த்து அம்மா கெளம்பிப் போயிட்ச்சு. கில்லாடி.” எழுந்து, போனைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

அவன் காலடிச் சத்தம் அடங்கும்வரை சண்முகசுந்தரம் காத்திருந்தார்.

“அந்தக் கவர் இருக்காம்மா? உள்ள இருந்த மெஷினு?”

“கீதுண்ணே. இன்னாத்துக்கு?” அவள் உள்ளே போய்க் கணவனின் பழைய பாஸ்போர்ட் உறையைக் கொண்டுவந்தாள். அதற்குள் கவர் இருந்தது. “உங்களுக்கு உதவும்னா எடுத்துக்கினு போங்க. வூட்ல வெச்சிக்கினு நான் இன்னா செய்யப் போறேன்?”

அவர் கையில் கொடுத்தேவிட்டாள்.

வாங்கிக்கொண்டு போய்விடலாம். துரைராஜிடம் கொடுத்து எட்டு லட்சத்தையும் கேட்டு வாங்கி, கடையில் ஏதோ பாக்கி வந்தது என்று ஒரு காரணம் சொல்லி இவளிடம் சேர்த்துவிடலாம். அந்த வழி அவருக்கு அந்த நொடிதான் தோன்றியது. யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். அவருடைய பெயருக்கும் ஒன்றும் ஆகாது. எவ்வளவு சுத்தமான வழி என்று நினைத்தபோதே உடம்பு கூசியது. எடையைச் சொல்லாமல் அவர் இதுவரை யாருக்கும் பணம் கொடுத்ததில்லை.

“உட்காருங்கம்மா” என்றார்.

சொன்னார். பருந்து, ஏலம், நாற்பத்தொரு லட்சம், மிச்சம் இருக்கும் எட்டு. வெளியே கேட்டுப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சொன்னார். ஒன்றிரண்டு நாளில் ஒருவர் வருவார், இருபத்தைந்தாயிரம் தருவார், கொடுத்துவிடாதீர்கள் என்றார். சொல்லி முடித்தபோது அவருக்கு இலேசாக இருந்தது. ஐந்து நாளைக்குப் பிறகு முதல்முறையாக மூச்சு முழுதாக இறங்கியது.

நஸ்ருன்னிசா அழவில்லை.

“ஏண்ணே எங்கிட்டச் சொன்னீங்க?”

“தெரிஞ்சும் சொல்லாம எப்படிம்மா...”

“நான் நல்லாத்தானே இருந்தேன்.” உள் அறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “பெரிய கடைக்கு மாறணும், அட்வான்ஸ் கட்டணும், அந்த வாட்சைக் குடுன்னு ஒரு வருஷமா கேட்டுக்கினு இருந்தான். குடுக்கல. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு சொல்லி அடக்கி வெச்சேன். இப்ப இது காதுல வுழுந்தா? எட்டு லட்சம் வந்தா மட்டும் வுட்டுடுவானா? மிச்சம் எங்கன்னு கேப்பான். என்னைக் கேப்பான். அப்புறம் உங்க கடைக்கு வருவான். அவன் கோவம் உங்களுக்குத் தெரியாதுண்ணே. ஒருத்தனோட கையை ஒட்ச்சிட்டு ரெண்டு மாசம் உள்ள இருந்துட்டு வந்தவன்.” அவர் விரல்களைக் கவரின்மேல் அழுத்தி மூடினாள். “எடுத்துக்கினு போயிடுங்க. எனக்கு எட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளன்னிக்குக் கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். அவன் வரதுக்குள்ள போயிடுங்க.”

“இது உங்க பணம்மா.”

“போங்கண்ணே. அல்லாவுக்காகப் போங்க.”

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தபோது ஆதில் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தான். கையில் மூன்று ரோஸ்மில்க் பாட்டில்.

“இன்னா அண்ணாச்சி, குடிக்காம கெளம்பிட்டீங்க?” பார்வை அவர் கைக்குப் போனது. “அது இன்னா? அத்தாவோடது இல்ல?”

“கடையில கேக்குறாங்கடா” என்றாள் நஸ்ருன்னிசா பின்னாலிருந்து. “கணக்குக்கு.”

“கணக்குக்கா?” அவன் பாட்டில்களைக் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக வைத்தான். “தங்கத்தை உருக்கிட்டாங்க, காசு குடுத்துட்டாங்க. குப்பைக்கு இன்னா கணக்கு? அதுக்கு ஒரு பெரிய மனுஷன் டி.நகர்லேர்ந்து பஸ் ஏறி வர்றாரா?”

கவரை அவர் கையிலிருந்து எடுத்தான். பிடுங்கவில்லை. அவரும் விட்டுவிட்டார். அவன் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து முகப்பைப் பார்த்தான். பெயரை ஒருமுறை வாய்க்குள் படித்தான். பிறகு தன் போனை எடுத்துக் கவருக்கு மேலே பிடித்துப் படம் எடுத்தான்.

“ஒரு நிமிஷம் இருங்க அண்ணாச்சி. நெட் ஸ்லோவா கீது.”

படி ஒடுங்கியிருந்தாலும் அவனைத் தாண்டி இறங்க இடம் இருந்தது. சுவரோடு ஒண்டினால் போதும். நஸ்ருன்னிசா கண்ணால் அதைத்தான் சொன்னாள். மூன்று பேரும் போனைப் பார்த்தபடி நின்றார்கள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“போனை வைப்பா” என்றார் சண்முகசுந்தரம். “அதுல வரதை நானே சொல்லுதேன்.”

ஆதில் நிமிரவில்லை. திரையில் வட்டம் நின்று, வெள்ளையாக ஏதோ விரிந்தது. விரலால் அதைப் பெரிதாக்கினான். கீழே இழுத்தான். மறுபடி மேலே கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினான். உதடு அசைந்தது, எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பவனைப் போல.

உள் அறையில் பெண்கள் சிரித்தார்கள்.

“அம்மா” என்றான் அவன், மிக மெதுவாக. “நீ உள்ள போ. கதவைச் சாத்திக்கோ.”

அவள் போகவில்லை. சண்முகசுந்தரம் செருப்பை மறுபடி கழற்றினார்.